ஒரு டிக்குக்கு ஒரு தேங்காய்ச் சில்

எங்கள் வீட்டுக்கும் நமச்சிவாயம் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறி, இந்தப் பக்கம் என்னுடைய ராட்டை. அவர் நெய்கிற சேலைக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது நான். பிள்ளையார்பாளையத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் தறிச் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். சத்தம் நின்றால், சாப்பிடப் போகிறாரா, இழை அறுந்ததா, யாராவது வந்தார்களா என்று சுவரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் போன பங்குனியில் ஒரு காலை, அந்தச் சத்தம் நிற்காமல் ஓடியதைக் கேட்டுக்கொண்டே வாசற்படியில் நின்றிருந்தேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு, கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம். தறிக்குழியில் இறங்கும்முன் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பூட்டிக்கொண்டே போக வேண்டும். தனி ஆளால் ஆகாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூலோடு ஓடும் நாடாக்கட்டையைத் தள்ளிவிட வேண்டும். முப்பத்தோரு வருஷம் அவருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து தள்ளியது அவர் மனைவி சம்பூர்ணம் அண்ணி.

தறியில் இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். ஏதாவது வேண்டுமென்றால் அண்ணி தன் முழங்கையால் அவர் முழங்கையில் ஓர் இடி இடிப்பார். அவர் நிறுத்துவார். இழை அறுந்திருக்கும், அல்லது அடுப்பில் பால் பொங்கியிருக்கும், அல்லது அண்ணிக்குச் சும்மா இடிக்கத் தோன்றியிருக்கும். அண்ணனுக்கு நாற்பது வயதிலேயே இடது காது போய்விட்டது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒரு முகாமில் காதுக்கு மிஷின் கொடுத்தார்கள். தறியில் உட்கார்ந்தால் அது கூவென்று விசிலடிக்கிறது என்று கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். "உங்க அண்ணி முழங்கை இருக்குது, எனக்கு எதுக்குமா மிஷினு" என்பார்.

அந்த முழங்கைதான் போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தை மாதம், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அண்ணி கோலமாவுக் கிண்ணத்தோடு சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. இடது கையும் கண்களும் மிச்சம். விழுங்குவதும் சரியாக வரவில்லை. கஞ்சி புரையேறும், சளி வந்து தொண்டையை அடைக்கும். அடைத்தால் உடனே ஆளை ஒருக்களித்துப் புரட்டி, முதுகில் தட்டி, வாய்க்குள் விரல் விட்டு எடுக்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஒரே மகள் அகிலா திருப்பூரில் இருக்கிறாள். கோர்வை போட ஆளில்லாமல், கரையில்லாத சேலையாவது அண்ணன் நெய்தே ஆக வேண்டும். முன்கூடத்தில் தறி போக ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை. ஆகவே அண்ணியின் கட்டில் உள்ளறையில். அண்ணி கூப்பிட்டால் இவருக்குத் தெரிய வேண்டும், அதற்கு என்ன வழி?

நெசவாளிக்கு முதலில் தோன்றுவது நூல்தான். நாலு இழைப் பட்டை முறுக்கி, ஒரு முனையை அண்ணியின் இடது கையிலும் மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டார். குழியில் கால் மிதித்துக்கொண்டே இருக்கும்போது இழுத்தது தெரியவில்லை. அப்புறம் ஒரு சுவிட்சும் தறிக்கு மேலே சிவப்பு பல்பும் போட்டார்கள். நெய்கிறவன் கண் இழையில் இருக்குமா, பல்பில் இருக்குமா? அதுவும் உதவவில்லை. கடைசியில் ஒரு சின்ன வெண்கல மணியை அண்ணியின் இடது மணிக்கட்டில் கட்டினார்கள். அதை அவர் அசைத்தால் என் காதில் விழும். ஆனால் நான் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறவள் இல்லை.

ஆனி மாதம் ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு, சுற்றிய தாரைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. அடித்து ஓய்ந்து, மறுபடி மெதுவாக அடித்தது. அண்ணன் தறியில் குனிந்து இழையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். அண்ணியின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. புரட்டித் தட்டினேன். அம்பாள் கண் திறந்தாள், மூச்சு வந்தது. பின்னாலேயே வந்து நின்ற அண்ணன் அழவில்லை, அலறவில்லை.

"எவ்ளோ நேரமா அடிச்சிக்கினு இருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று முதல் அவர் முகத்தில் அந்தக் கேள்விதான் இருந்தது.

அந்த வீட்டில் அப்போது ஒரு நாய் இருந்தது. அண்ணியின் கைகாலுக்கு எண்ணெய் தேய்க்க ஒரு வைத்தியரிடம் தாமல் வரைக்கும் ஆட்டோவில் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தினபோது ஏறிப் படுத்துக்கொண்ட குட்டி அது. பெட்டை. கறுப்பு உடம்பில் முதுகு நெடுக மஞ்சளாக ஒரு கோடு. அதனால் ஜரிகை என்று பேர் வைத்தார் அண்ணன். "அசலா போலியான்னு உரசிப் பாத்துட்டியா அண்ணே" என்று நான் கேட்டதற்கு, "கடிச்சிப் பாத்துச்சி, அது என்னிய" என்றார். நாய் பைரவருக்கு வாகனம், தானாக வந்ததைத் துரத்தக் கூடாது என்பது அவர் எண்ணம். பட்டில் முடி ஒட்டும் என்று தறிப் பக்கம் மட்டும் விடமாட்டார்.

வழி சொன்னது பிரவீனா. அவள் ஓரிக்கையிலிருந்து வாரத்தில் நாலு நாள் வந்து அண்ணிக்கு உடம்பு துடைத்து, கைகாலை நீட்டி மடக்கிவிட்டுப் போவாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். கழுத்தில் சிலுவை. வாய் பேசிய காலத்தில் அண்ணி அவளை முன்கூடத்தோடு நிறுத்தியிருப்பார், தண்ணீருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? விழுந்த பிறகு அண்ணியின் வாயில் விரல் விட்டுச் சளி எடுத்தது அந்தப் பெண்ணின் கைதான். அவள் வருகிற நாளில் அண்ணியின் கண் வாசலையே பார்க்கும்.

பிரவீனா கல்யாணத்துக்கு முன் சென்னையில், பணக்காரர்களின் நாய்களைப் பழக்குகிற ஓர் இடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தவள். அங்கே பார்த்ததைச் சொன்னாள். அடிப்பது, அதட்டுவது எதுவும் கிடையாதாம். கையில் கிளிக்கர் என்று ஒன்று வைத்திருப்பார்களாம். நாய் சரியானதைச் செய்த நொடியில் அதை அமுக்கினால் டிக்கென்று சத்தம் வரும், உடனே தின்ன ஏதாவது கொடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தான் செய்தது சரி என்று நாய்க்குத் தெரிந்துவிடுமாம். மணி அடித்தால் போய் ஆளை முட்டி எழுப்புகிற மாதிரி இதையும் பழக்கலாம், காது கேட்காதவர்களுக்கு அப்படிப் பழக்கியதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னாள்.

அண்ணன் அவள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மாடத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பச்சை பெயின்ட் அடித்த தகரத் தவளை. வயிற்றை அமுக்கினால் டிக் டிக் என்னும். பங்குனித் திருவிழாக் கடையில் பலூனோடும் ஊதலோடும் விற்பார்களே, அது. அகிலாவின் பையன் விட்டுவிட்டுப் போனது.

"இதானேம்மா அது?"

பிரவீனா வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சென்னையில் அதற்குப் பெரிய விலை சொல்லி விற்கிறார்களாம். அப்புறம் ஒன்று கேட்டாள். தெருவில் வேறு யாராவது வீட்டில் இந்தத் தவளை இருக்கிறதா, நாய் காதில் விழுகிற மாதிரி? நான்தான் பதில் சொன்னேன். திருவிழா முடிந்து மூன்று மாதம் ஆகிறது, இதெல்லாம் ஒரு வாரம் தாங்குகிற சாமான், எல்லாம் என்றைக்கோ உடைந்து குப்பைக்குப் போயிருக்கும் என்று. நான் சொன்னது உண்மைதான். அன்றைக்கு உண்மை.

"அப்போ சரிக்கா" என்றவள், அண்ணன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "ஐயா, இது ரொம்ப முக்கியம். டிக்கு அமுக்கினா குடுத்தே ஆவணும். கை தவறி அமுக்கினாலும் குடுக்கணும். இல்லன்னா அதுக்கு இந்தச் சத்தம் பொய்யாப் பூடும். டிக்கு கேட்டுச்சின்னா வேலை முடிஞ்சிச்சின்னு அர்த்தம், அதோட அத விட்டுடணும்."

அண்ணன் அதை ஒரு மந்திரம் வாங்கிக்கொள்வதைப் போலத் திருப்பிச் சொன்னார். "அமுக்கினா குடுக்கணும். கேட்டா முடிஞ்சிச்சி."

என்ன கொடுப்பது என்பதில்தான் தகராறு. வேகவைத்த கோழி ஈரலுக்கு எந்த நாயும் படியும் என்றாள் பிரவீனா. அந்த வீட்டில் முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை. பொரிகடலை வைத்தார்கள், துப்பிவிட்டது. கோவில் இட்லியைப் பிய்த்துப் போட்டார்கள், மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அண்ணன் பூஜைக்கு உடைத்த தேங்காயில் ஒரு சில்லைக் கீறிக் கொடுத்தார். அதற்கு மட்டும் வாலாட்டியது. "சைவ நாய்தான் போ" என்றாள் பிரவீனா.

முதல் ஒரு வாரம் வேலை ஒன்றுமில்லை. டிக், ஒரு சில். டிக், ஒரு சில். அவ்வளவுதான். முதலில் தவளைச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஓடியது. துண்டுக்குள் வைத்து அமுக்கிப் பழக்கினார்கள். தறிச் சத்தத்தோடு குழம்பக் கூடாது என்று விடிந்து தறியில் உட்காருமுன் அரை மணி, மாலையில் எழுந்தபின் அரை மணி. அண்ணனுக்குத் தவளைச் சத்தம் கேட்காது. தகரம் உள்வாங்கித் திரும்புவது கட்டைவிரலில் தெரியும், அதை வைத்துத்தான் செய்தார்.

அடுத்து, அவர் முழங்கையை மூக்கால் தொட்டால் டிக். இடது முழங்கை. முதல் தடவை அந்த ஈர மூக்கு பட்டபோது அண்ணன் அமுக்க மறந்துவிட்டார். அந்த இடத்தில் வேறு யாரும் இடித்ததில்லை அல்லவா? பிரவீனா, "ஐயா, அமுக்குங்க" என்று அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். பிறகு தறிக்குழியில் அவர் உட்கார்ந்திருக்க, அண்ணி உட்கார்ந்த இடத்தில் ஒரு கோணி போட்டு, அதன்மேல் நின்று முட்டப் பழகியது. முட்டினால் டிக், தேங்காய்.

அதன்பிறகு மணி. அண்ணி உள்ளறையில் மணியை அசைப்பார். அவர் அசைத்தது அண்ணனுக்குத் தெரியாது என்பதால் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள நடைக்கதவில் நான் நின்று கையைத் தூக்குவேன். நாய் கட்டிலருகிலிருந்து எழுந்து, நடையைக் கடந்து, கோணியில் நின்று முட்ட வேண்டும். முட்டினால் அவர் எழுந்து உள்ளே வந்து அண்ணியைப் பார்ப்பார், பார்த்தபின் டிக். பத்துத் தடவைக்கு ஏழு தடவை நடுவழியில் உட்கார்ந்து சொறிந்துகொள்ளும். ஆவணி முடிவதற்குள் பத்துக்குப் பத்து வந்தது. அண்ணிக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஒன்றும் இல்லாவிட்டாலும் அசைப்பார். அண்ணன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். அண்ணியின் முகம் பாதிப் பக்கம் சிரிக்கும். "பழையபடி இடிக்க ஆரம்பிச்சிட்டா" என்பார் அண்ணன். ஒரு முறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை.

ஒரு சிக்கல் என்னால் வந்தது. நான் தினம் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி மணியடித்துத் தீபம் காட்டுவேன். சுவர் தாண்டி அந்தச் சத்தம் கேட்டு ஜரிகை போய் அண்ணனை முட்டிவிடும். இதற்குத் தேங்காய் கொடுக்காதீர்கள், குழம்பிப்போகும் என்றாள் பிரவீனா. அண்ணன் கேட்கவில்லை. சாமி மணிக்கு எழுப்பிவிட்டால் அதில் என்ன தப்பு என்றார். எழுந்துபோய் அண்ணிக்குத் திருநீறு பூசிவிட்டு வந்து, டிக்கென்று அமுக்கி, ஒரு சில் கொடுப்பார். தினம் ஆறு மணிக்கு அது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் உட்காரும்போது இடுப்பில் சொருகியிருந்த தவளை தானாக அமுங்கிவிட்டது. வீட்டில் தேங்காய் இல்லை. ஜரிகை எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறது. அண்ணன் மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றார்.

"கலைவாணி, ஒரு சில் தேங்கா இருந்தா குடும்மா. வாக்கு குடுத்துட்டேன்."

அந்த நாயால் மூன்று முறை அண்ணி பிழைத்தார். ஐப்பசி மழையில் ஒன்று, மார்கழிப் பனியில் இரண்டு. மூன்றுமே நிஜமாகவே அடைத்துக்கொண்டவை. மார்கழியில் இரண்டாவது தடவை நடந்தபோது நான் திருவெம்பாவை முடித்து வந்துகொண்டிருந்தேன். என் கையிலிருந்த பொங்கல் பிரசாதத்தில் பாதியை அண்ணன் அப்படியே நாய்க்கு வைத்துவிட்டார். அந்த மூன்று மாதமும் அவர் முகத்தில் பழைய கேள்வி இல்லை.

பங்குனி வந்தது. ஏகாம்பரநாதர் கோவிலில் கொடியேறியது. எங்களுக்கு அந்தப் பத்துப் பதிமூன்று நாளும் ஊரே வீடு. பகலில் தறி ஓடும், காலையும் மாலையும் சாமி புறப்பாடு பார்ப்போம். நாலாம் நாள் காலை. என் தம்பி மகள், ஆறு வயசுப் பாப்பா, திருவிழாவுக்கென்று வந்திருந்தாள். முந்தின நாள் மாலை கடைத்தெருவில் அழுது அடம்பிடித்தாள். நான் ஒரு தவளை வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் நிறம்.

வாங்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒவ்வொரு பங்குனிக்கும் தெருவெல்லாம் தவளை கத்தும் என்பது பிறந்ததிலிருந்து தெரியும். ஆவணி வரைக்கும் ஜரிகைக்கு நடைக்கதவில் நின்று கை தூக்கியவளும் நான்தான். இரண்டும் ஒரே மண்டைக்குள்தான் இருந்தன.

சாமி எங்கள் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்தது. சிவனடியார்களின் முரசும் கொம்பும் காதை அடைத்தன. நானும் பாப்பாவும் இரண்டு வீட்டுக்கும் பொதுவான படியில் நின்றிருந்தோம். அண்ணன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. உத்திரத்தன்று தறியை நிறுத்திவிட்டுக் கோவிலிலேயே இருக்க வேண்டும், அதற்குள் சேலையை முடித்து இறக்கிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஜரிகை நடையிலிருந்து முன்கூடத்துக்குள் வந்தது. காது விறைப்பாக, வேகமாக, தறியைப் பார்த்து. அந்த வேக நடை எனக்கு நன்றாகத் தெரியும். முரசுச் சத்தத்தில் மணி என் காதில் விழவில்லை. அதே நேரத்தில் என் இடுப்பருகில் பாப்பா தவளையை அமுக்கினாள்.

டிக்.

ஜரிகை நின்றது. கோணிக்கு இரண்டடி இருந்திருக்கும். தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, பாப்பாவின் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மறுபடி அமுக்கினாள். கையிலிருந்த பொரியை அதற்குப் போட்டாள். "அத்த, சொன்ன பேச்சு கேக்குது பாரு" என்றாள். நானும் சிரித்தேன். சாமி வந்துவிட்டது. தேங்காய் பழம் வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு பாப்பாவின் கையைப் பிடித்து இறங்கிவிட்டேன்.

தீபாராதனை எடுத்து, பிரசாதம் வாங்கி, தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போய் வந்தோம். வந்து ராட்டையில் உட்கார்ந்தபோதும் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அண்ணிக்குக் கஞ்சி கொடுக்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் கேட்ட குரலை எழுத வேண்டாம். போய்ப் பார்த்தபோது அண்ணியின் இடது மணிக்கட்டில் கயிறு அறுந்து, தோல் சிவந்திருந்தது. மணி சுவரோரமாகக் கிடந்தது. நாய் கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. எல்லாம் அவன் செயல் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நான். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருவிழாக் காலம் என்பதால் அன்று மாலைக்குள்ளேயே எடுத்தார்கள். சங்கு ஊதி, சேகண்டி அடித்தார்கள். சேகண்டிச் சத்தம் கேட்டதும் ஜரிகை அத்தனை பேர் காலுக்குள்ளும் புகுந்து வந்து, தரையில் உட்கார்ந்திருந்த அண்ணனின் இடது முழங்கையில் முட்டியது. அண்ணன் திரும்பி அதை ஓங்கி அறைந்தார். அவர் அந்த நாயை அடித்தது அந்த ஒரு தடவைதான். உறவுக்காரர்கள் அதைப் பிடித்துக் கரன்ட் கம்பத்தில் கட்டினார்கள். சாப்பாடு மட்டும் தின்னத் தெரிந்தது, வேண்டிய நேரத்தில் கூப்பிடவில்லை, தாமல் ஏரிக்கரையிலேயே கொண்டுபோய் விடு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அண்ணன் அதை அவிழ்க்கவில்லை.

எடுப்பதற்கு முன் பிரவீனா வந்து அண்ணியின் காலைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே தெருவில் பிள்ளைகள் தவளையை அமுக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பத்து நாள் என்னால் சாமி முன்னால் நிற்க முடியவில்லை. பதினோராம் நாள், அகிலா கடைக்குப் போயிருந்த நேரம், அண்ணனிடம் போனேன். கூடத்தில் தனியாக இருந்தார், காதில் மிஷின் போட்டிருந்தார். நாய் கம்பத்தில் கட்டியபடி இருந்தது. மஞ்சள் தவளையை அவர் முன் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டடியில் நின்றதையும், திரும்பியதையும், நான் சிரித்ததையும் சொன்னேன்.

அண்ணன் தவளையை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வெளியே சங்கிலி சலசலத்தது.

"வேலை முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்கிச்சி" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"பாப்பா அதுக்கு எதுனா குடுத்துச்சா?"

"பொரி குடுத்துச்சிண்ணே."

"அந்தப் புள்ளையாவது குடுத்துச்சே" என்றார். "நான் அடிச்சேன்."

என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொன்னேன். கொழந்தைக்குத் தவளை வாங்கித் தருவது ஒரு தப்பா, நானே பார்த்திருந்தால் நானே வாங்கித் தந்திருப்பேன் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எழுந்துபோய்ச் சங்கிலியை அவிழ்த்தார். பிறகு உள்ளே வந்து தேங்காய் மூடியைத் தேடினார். வீட்டில் இல்லை. நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். இப்போது தான் அமுக்கியதற்கு ஒன்று, அன்றைக்குப் பாப்பா அமுக்கியதற்கு ஒன்று என்று இரண்டு சில் கொடுத்தார்.

அகிலா கூப்பிட்டும் அவர் திருப்பூர் போகவில்லை. கருமம் முடிந்த மறுவாரம் தறியில் உட்கார்ந்தார். இப்போதும் கரையில்லாத சேலைதான் நெய்கிறார். நான் மாலை விளக்கேற்றுவேன், தீபம் காட்டுவேன், மணி மட்டும் அடிப்பதில்லை. அந்த மணி கேட்டு நாய் போய் முட்டினால், அவர் எழுந்து எங்கே போவார் என்ற பயம்தான். மணியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சாமியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன்.

வைகாசியில் ஒரு நாள், தார் வாங்க அண்ணனே வந்தார். பின்னால் ஜரிகை. தாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகாமல் நின்றார்.

"இன்னாம்மா, மணி அடிக்கிறதில்லியா நீ?"

அவருக்குத்தான் காது கேட்காதே, எப்படித் தெரியும் என்று விழித்தேன்.

"ஆறு மணிக்கு இது என்னிய முட்ட மாட்டேன்னுது" என்று நாயைக் காட்டினார். "நேரம் தெரியாம இருட்டுற வரைக்கும் மிதிச்சிக்கினே கெடக்கறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அடிம்மா. அவ கூப்பிடறதா இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் மாலை பெட்டியைத் திறந்து மணியை எடுத்தேன். விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி நின்றது. கால்களைக் குழியிலிருந்து எடுத்து அவர் எழும் சத்தம், நடையில் அவர் காலடி, அதன் பின்னால் நகம் தரையில் உரசும் ஓசை. உள்ளறைக் கதவு திறந்தது. அங்கே கட்டிலை எடுத்துவிட்டார்கள், அண்ணியின் படமும் ஒரு விளக்கும்தான் இருக்கின்றன.

அப்புறம் டிக் என்று ஒரு சத்தம். தறி அன்றைக்கு மறுபடி ஓடவில்லை.